ரெண்டர் திரை உறைந்தால், மினுங்கினால், கறுத்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கட்டட மாடலை உடனுக்குடன் நிஜப் படம்போல் காட்டும் நிகழ்நேர ரெண்டர் மென்பொருள் தகராறு செய்தால் நம்மூர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் முதலில் கை போவது அன்இன்ஸ்டாலுக்குத்தான். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸையே ஃபார்மேட் அடித்துவிடுவார்கள். ஒரு முழு நாள் போகும். மறுநாள் அதே மாடலைத் திறந்தால் அதே இடத்தில் அதே தகராறு. காரணம், இந்தப் பழுதுகளில் பெரும்பங்கு மென்பொருளுக்குள் இருப்பதில்லை. மாடலிலோ, கிராஃபிக்ஸ் கார்டிலோ, கரண்டிலோதான் இருக்கும்.

என்ஸ்கேப், லூமியான், ட்வின்மோஷன், டி5 என்று பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றே. ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ போன்ற மாடல் செய்யும் மென்பொருளில் இருந்து வடிவங்கள் வருகின்றன, அவை கார்டின் நினைவகத்தில் ஏறுகின்றன, கார்டு நொடிக்கு முப்பது, அறுபது முறை படம் வரைகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் அடைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அதற்கு ஒரு சின்ன சோதனை போதும். மென்பொருளோடு வரும் மாதிரிக் காட்சி ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். அது நன்றாக ஓடி, உங்கள் மாடல் மட்டும் தகராறு செய்தால் பழுது மாடலில். மாதிரியும் விழுந்தால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), கார்டு, சூடு, மின்சாரம் என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். மாடலில்தான் என்று தெரிந்துவிட்டால் பாதியை மறைத்துப் பாருங்கள். சரியானால் மறைத்த பாதியில் கோளாறு. இல்லையென்றால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஒரு பெரிய வில்லா மாடலில்கூட ஏழெட்டு முறை மறைத்தால் குற்றவாளிப் பொருள் கையில் சிக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். டிரைவரையும் மாற்றி, டெக்ஸ்சரையும் (பரப்பின்மேல் ஒட்டும் படம்) குறைத்து, கேபிளையும் பிடுங்கிச் செருகினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

திறந்ததும் மூடிக்கொள்கிறது, அல்லது வெறும் கறுப்புத் திரை

லேப்டாப்பாக இருந்தால் முதல் சந்தேகம் இரண்டு கார்டு விவகாரம். இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ஒன்று, என்விடியா தனிக் கார்டு ஒன்று. விண்டோஸ் சிக்கனம் பார்த்து முதலாவதைக் கொடுத்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், ரெண்டர் மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். என்ஸ்கேப் போன்று ரெவிட்டுக்குள்ளேயோ ஸ்கெட்ச்அப்புக்குள்ளேயோ ஓடும் செருகுநிரல் என்றால் அந்தத் தாய் மென்பொருளையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது தனிக் கார்டு தன் பலத்தில் பாதிகூடக் காட்டாது.

டெஸ்க்டாப் என்றால் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பின்னால் குனிந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஆபீஸ் இடம் மாறிய மறுநாள் வரும் புகார்களில் இது முக்கியமானது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிள் இருந்தால் பல ஆயிரம் ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டும் சரி என்றால் டிரைவர். விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் டிரைவரை மாற்றியிருக்கலாம். என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு வரிசை உண்டு. நம் வேலைக்கு ஸ்டுடியோ போதும். பழையதன்மேல் புதியதை ஏற்றிச் சரியாகவில்லை என்றால், டிடியு என்ற டிரைவர் துடைப்பான் கருவியை சேஃப் மோடில் ஓட்டி முழுதாகத் துடைத்துவிட்டு, மறுபடி நிறுவுங்கள். மிகப் புதிய டிரைவர் வந்த அன்றே போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் முடியும்வரை ஓடுகிற டிரைவரோடு இருப்பதே நல்லது.

வேலை நடுவே 'டிவைஸ் லாஸ்ட்', 'டிவைஸ் ரிமூவ்ட்' என்று வருகிறது

கார்டை யாரோ கழற்றிவிட்டதுபோல் பயமுறுத்தும் செய்தி. நடந்தது இதுதான்: விண்டோஸ் ஒரு வேலையைக் கார்டிடம் கொடுத்தால் இரண்டு நொடிக்குள் பதில் எதிர்பார்க்கும். வராவிட்டால் கார்டு உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை உதைத்து எழுப்பும். எழுப்பிய கணத்தில் ரெண்டர் மென்பொருள் தன் பிடியை இழந்து மூடிக்கொள்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு பதிவு கிடக்கும்.

அந்த இரண்டு நொடியை ரெஜிஸ்ட்ரியில் 'டிடிஆர் டிலே' என்ற மதிப்பை வைத்து எட்டு, பத்து நொடி என்று நீட்டலாம். பெரிய ஸ்டில் படம் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் விழுகிறது என்றால் இது பலன் தரும். கனமான வேலை ஒன்று நியாயமாகவே அதிக நேரம் எடுத்திருக்கும். சும்மா நடந்து பார்க்கும்போதே விழுகிறது என்றால் நொடியை நீட்டுவது வீண், உறைந்த திரையைக் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். அப்போது கார்டின் நினைவகம் நிரம்பியதா, ஓவர்கிளாக் (கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஏதாவது இருக்கிறதா, மின்சாரம் போதுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்றுப் பேர்வழி உண்டு. அன்ரியல் என்ஜினில் எழுதிய மென்பொருள்கள், ட்வின்மோஷன் அந்த வகை, சில மெஷின்களில் வீடியோ நினைவகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி விழும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் நினைவகம் பாதிகூட நிரம்பியிருக்காது. மெஷினில் இன்டெல்லின் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப், குறிப்பாக ஐ9 அல்லது ஐ7 இருந்தால், குற்றம் கார்டில் இல்லாமல் சிப்பிலேயே இருக்கலாம். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிலைகுலையும் பிரச்சினை இது. 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, பாதிக்கப்பட்ட சிப்களுக்கு வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. முதலில் மதர்போர்டு பயாஸைப் புதுப்பியுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைப் புது பயாஸ் குணப்படுத்தாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கார்டைத் தூக்கிக்கொண்டு சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

விக்கி விக்கி நகர்கிறது

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பக்கத்தைத் திறந்து வையுங்கள். அங்கே இரண்டு எண் உண்டு: கார்டின் சொந்த நினைவகம், அதாவது வீரேம், அப்புறம் 'ஷேர்டு' என்று கணினியின் ரேமில் இருந்து கடன் வாங்கியது. சொந்தக் கணக்கு முட்டி, ஷேர்டு எண் ஏறத் தொடங்கும் கணத்தில்தான் விக்கல் வரும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகை தன் நினைவகத்தோடு நொடிக்கு 360 ஜிபி வேகத்தில் பேசுகிறது. அதே கார்டு ரேமிடம் போக வேண்டுமானால் பிசிஐஇ 4.0 வழியில் அதிகபட்சம் 32 ஜிபிதான். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிண்டியில் ஆறு வழிச் சாலை முடிந்து ஒற்றைச் சந்தில் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

வீரேமை விழுங்குவது பெரும்பாலும் டெக்ஸ்சர். டிஸ்கில் 3 எம்பி ஜேபெக்தானே என்று நினைத்தால் ஏமாற்றம். கார்டில் ஏறும்போது ஜேபெக் விரிந்துவிடும். 4096க்கு 4096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 எம்பி. தூரத்தில் காட்டச் சிறிய பிரதிகளும் சேர்ந்தால் 85. நிறம், மேடுபள்ளம், பளபளப்பு, இடுக்கு நிழல் என்று ஒரு மெட்டீரியலுக்கு நாலு படம் போட்டால் 340 எம்பி. இப்படி இருபது மெட்டீரியல் இருந்தால் 8 ஜிபி கார்டு மூச்சுத் திணறும். மென்பொருள் உள்ளே சுருக்கி வைத்தால் இதில் கால் பங்காகக் குறையும். ஆனாலும் 8கே படம் (8192க்கு 8192) 4கேயைப் (4096க்கு 4096) போல் நான்கு மடங்கு என்ற கணக்கு மாறாது.

எந்தப் படத்துக்கு எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 25 செ.மீ. ஆத்தங்குடி ஓடு ஒன்றுக்கு 4கே படம் போட்டால் மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். தரையில் குப்புறப் படுத்துப் பார்க்கிறவருக்குத்தான் அது பயன்படும். 1024 போதும், மில்லிமீட்டருக்கு நாலு பிக்சல் கிடைக்கும். ஒரே படத்தில் பதினாறு ஓடுகளைப் பரப்பியிருக்கிறீர்கள் என்றால் 4கே நியாயம். கூரை வெதரிங் கோர்ஸ், காம்பவுண்டு சுவரின் பின்பக்கம் இதற்கெல்லாம் 512 வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது வடிவங்களின் கனம். மங்களூர் ஓட்டுக் கூரையை ஓடு ஓடாக மாடல் செய்வது நம் ஊர் ஆசை. 100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு, 2,000 சதுர அடிக் கூரைக்கு 3,000 ஓடு. ஓர் ஓட்டில் 2,000 முக்கோணம் இருந்தால் மொத்தம் 60 லட்சம். இதைக் காம்பொனென்ட்டாக வைத்திருந்தால் கார்டு ஒரே ஓட்டை நினைவில் வைத்துக்கொண்டு 3,000 இடத்தில் வரையும். யாரோ ஒரு ஜூனியர் அவசரத்தில் எக்ஸ்ப்ளோட் செய்துவிட்டால், அல்லது ஒவ்வொன்றையும் 'மேக் யூனிக்' ஆக்கிவிட்டால், 3,000 தனித்தனி ஓடும் நினைவகத்தில் ஏறும். துளைச்சுவர் ஜாலிக்கும் இதே கதி. இணையத்தில் இறக்கிய சோபாவின் தையல் நூல்வரை மாடல் செய்திருப்பார்கள். வீடு முழுவதையும்விட அந்த ஒரு சோபா கனமாக இருப்பது அதிசயமில்லை.

மரங்கள் வேறு வகைத் தொல்லை. இலை ஒவ்வொன்றும் ஓட்டை வெட்டிய அட்டை. ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் போட்டால் ஒவ்வொரு கதிரும் இது இலையா ஓட்டையா என்று கேட்டுக்கேட்டுப் போக வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் மரங்களைத் தனி லேயரில் போட்டு அணைத்துவிடுங்கள். இசிஆர் வில்லாக்களுக்கு முன்னால் மேப்பிள் மரம் நிற்கும் ரெண்டர்களையும் இந்தச் சாக்கில் குறைக்கலாம். தென்னையும் புங்கனும் எண்ணிக்கையில் குறைவாக வைத்தாலே இடம் நம்ப வைக்கும்.

தரையும் சுவரும் மினுங்குகின்றன, விளிம்புகள் நடுங்குகின்றன

மினுங்கல் இரண்டு வகை. ஒரே இடத்தில் பட்டை பட்டையாக, கேமரா நகர நகர இரண்டு நிறம் மாறி மாறி வந்தால், இரண்டு முகங்கள் ஒரே மட்டத்தில் படுத்திருக்கின்றன. ஸ்லாப் மேல் டைல்ஸ், மனையின் மேல் புல்தரை, ஒரே குரூப்பை அதே இடத்தில் இரண்டு தடவை பேஸ்ட் செய்தது, ரெவிட்டில் லிங்க் ஃபைலிலும் தாய் ஃபைலிலும் ஒரே சுவர். எது முன்னால் என்று கார்டுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. மேலே உள்ளதை 2 மி.மீ. தூக்கிவிடுவது வழக்கம், பக்கத்தில் பார்த்தால் போய்விடும், தூரத்தில் பார்த்தால் திரும்ப வரும். கீழே மறைந்திருக்கும் முகத்தை அழிப்பதே நிரந்தரத் தீர்வு. சாலைக் கோடுகள் மாதிரி அழிக்க முடியாதவற்றுக்கு 10 மி.மீ. வரை தூக்கலாம்.

இன்னொரு வகை, மாடல் முழுவதும் நடுங்குவது. விளிம்புகள் பற்கள் போல் உடையும், நிழல் துள்ளும், கேமரா சுழற்றினால் கட்டடமே குதிக்கும். இதைப் பார்த்ததும் சர்வேயர் கொடுத்த ட்ராயிங்கைத் திறந்து பாருங்கள். இப்போது மனை அளவை டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) வைத்து எடுத்து, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் ஆயத்தொலைவிலேயே கொடுக்கிறார்கள். சென்னை 44ஆம் வடக்கு மண்டலத்தில் வருகிறது. கிழக்குத் தூரம் ஏறத்தாழ 4,20,000 மீட்டர், வடக்குத் தூரம் ஏறத்தாழ 14,46,000 மீட்டர். அந்த ட்ராயிங்மேலேயே மாடல் எழுப்பினால் உங்கள் கட்டடம் பூஜ்ஜியப் புள்ளியில் இருந்து சுமார் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

கார்டு எண்களை 32 பிட்டில் வைக்கிறது. அதில் முக்கிய இலக்கங்களுக்கு 24 பிட்தான். சின்ன எண்ணுக்கு அது தாராளம். 14,46,000 மீட்டரில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி 12.5 செ.மீ. ஆகிவிடும். நாலரை இன்ச் சுவரின் கனமே 11.5 செ.மீ. இரண்டு முகமும் ஒரே படியில் போய் ஒட்டிக்கொண்டால் சுவர் எங்கே இருக்கும்? சில மென்பொருள்கள் கேமராவை மையமாக வைத்துக் கணக்கிட்டு இதைச் சமாளிக்கின்றன, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

தீர்வு எளிது. ஆட்டோகேடில் மனையின் தென்மேற்கு மூலைக் கல்லைப் பிடித்து முழு ட்ராயிங்கையும் பூஜ்ஜியத்துக்கு நகர்த்துங்கள். பழைய எண்களை ட்ராயிங்கிலேயே ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள், சிஎம்டிஏ வரைபடத்துக்கோ சைட்டில் குறியிடவோ பிற்பாடு தேவைப்படும். ரெவிட்டில் சர்வே ஃபைலை மையத்துக்கு மையம் என்று லிங்க் செய்துவிட்டு, பிறகு அதன் ஆயத்தொலைவை 'அக்வயர்' செய்தால் உண்மை எண்ணும் இருக்கும், மாடலும் மையத்துக்கு அருகிலேயே இருக்கும். ரெவிட்டே தன் உள் மையத்தில் இருந்து 16 கி.மீ.க்குள் வடிவங்களை வைக்கச் சொல்கிறது. நகர்த்திய பிறகும் நடுங்கினால் 'ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்' அழுத்துங்கள். மாடல் ஒரு புள்ளியாகச் சுருங்கினால் எங்கோ தூரத்தில் ஒரு பெஞ்ச்மார்க் எழுத்தோ அநாதைக் கோடோ கிடக்கிறது. அதைத் தேடி அழியுங்கள்.

நிழல் தப்பான பக்கம் விழுகிறது

சில சமயம் இது பழுதே இல்லை. வடக்கு முகத்தில் வெயில் விழுகிறது, மென்பொருள் தப்பு என்பார்கள். சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சிக்குத் திரும்பும்வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியில் இருந்து வடக்கே 10 டிகிரி சாய்ந்திருக்கும். வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று சொல்லிச் சன்னல்களுக்கு சன்ஷேடு வேண்டாம் என்கிற கிளையன்ட்டுக்கு இந்த ரெண்டரையே காட்டலாம்.

நிஜமாகவே தப்பு என்றால் இடம், நேரம், வடக்கு மூன்றில் ஒன்று. இடம் குறிக்காத ஸ்கெட்ச்அப் ஃபைல் கொலராடோவின் போல்டரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சோதிக்க 3 மீட்டர் தூண் ஒன்றை வெட்டவெளியில் நட்டு, ஏப்ரல் 24, பகல் 12 மணி 7 நிமிடம் என்று வையுங்கள். நிழல் காலடியிலேயே மறைந்துவிட வேண்டும். ஒன்றரை மீட்டர் நிழல் வடக்கே நீண்டால் நீங்கள் போல்டரில்தான் நிற்கிறீர்கள். கிட்டத்தட்ட 40 செ.மீ. நிழல் கிழக்கிலோ மேற்கிலோ விழுந்தால் நேர மண்டலத்தில் அந்த அரை மணி நேரம் விடுபட்டிருக்கிறது. ஐந்தரை என்று திருத்துங்கள்.

இந்தச் சோதனையில் வடக்குத் திசை தெரியாது. அதற்கு டிசம்பர் 21, அதே 12 மணி 7 நிமிடம். நிழல் 2.2 மீட்டர் நீளத்தில் நேர் வடக்கே விழ வேண்டும். சாய்ந்து விழுந்தால், ரெவிட்டில் புராஜெக்ட் நார்த்தை மட்டும் திருப்பிவிட்டு ட்ரூ நார்த்தை விட்டிருப்பீர்கள். சில ரெண்டர் மென்பொருள்களில் சூரியனுக்கு என்று தனியே ஒரு திருகு இருக்கும். அழகுக்காக யாராவது அதைத் திருப்பிவிட்டு மறந்திருக்கலாம். எலிவேஷன் பளிச்சென்று தெரியச் சூரியனைத் திருப்புவது தொழிலில் உள்ள வழக்கம்தான், வெயில் ஆய்வு என்று பெயர் போட்டுக் கொடுக்கும் படத்தில் மட்டும் அது கூடாது.

உள்ளறையில் வெளிச்சம் கசிகிறது, அல்லது ஒரே இருட்டு

சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் சுவருக்குக் கனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கெட்ச்அப்பில் ஒற்றைத் தாளாக நிற்கும் சுவரில் வெளிச்சம் கசியும். ஒன்பது இன்ச் சுவருக்கு ஒன்பது இன்ச் கனம் கொடுங்கள், ஸ்லாப் சுவரின்மேல் முழுதாக ஏறி உட்காரட்டும். இன்டீரியர் மட்டும் செய்கிறவர்கள் கூரையே போடாமல் ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுவார்கள். மேலே ஒரு பெட்டி மூடி வைத்தால் கசிவு நின்றுவிடும்.

சுவர் ஒரு பக்கத்தில் இருந்து தெரிந்து மறுபக்கத்தில் மாயமானால் முகம் திரும்பியிருக்கிறது. ஸ்கெட்ச்அப்பில் மோனோக்ரோம் ஸ்டைலுக்கு மாற்றினால் பின்முகம் நீலச் சாம்பலாகத் தெரியும். 'ரிவர்ஸ் ஃபேசஸ்' போடுங்கள்.

இருட்டுக்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்ச அளவைத் தானே சரிசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர். பிரேமில் முற்றமோ பெரிய சன்னலோ வந்தால் மென்பொருள் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், அறை கறுத்துவிடும். ஆட்டோவை அணைத்து, அறைக்கு ஏற்றபடி கையால் வையுங்கள். வெள்ளைப் பெயின்ட்டுக்கு 255 என்று சுத்த வெள்ளை கொடுத்தால் வெளிச்சம் எதிரொளித்துக்கொண்டே இருந்து அறை பால் ஊற்றியதுபோல் வெளுக்கும்; 230ஐத் தாண்ட வேண்டாம்.

டெக்ஸ்சர் காணோம், மாற்றம் வந்து சேரவில்லை

ஒருவர் மெஷினில் சரியாக இருந்து இன்னொருவர் மெஷினில் வெள்ளையாக வந்தால் பாதைதான் தகராறு. உங்கள் டி டிரைவில் இருக்கும் படம் அவர் மெஷினில் இல்லை. சர்வரில் ஒரே ஃபோல்டர், எல்லா மெஷினிலும் ஒரே டிரைவ் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவில் வைத்திருந்தால் படம் இருப்பதுபோல் பெயர் தெரியும், உள்ளே இறங்கியிருக்காது; வலது கிளிக் செய்து எப்போதும் இந்த மெஷினில் வைத்திரு என்று சொல்லுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கிளையன்ட் ஃபைனல்' என்று போய்ப் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் பல மென்பொருள்கள் படத்தைத் திறக்காது.

ரெவிட்டில் மாற்றியது ரெண்டரில் வரவில்லை என்றால், இணைத்திருப்பது எந்த 3டி வியூ என்று முதலில் பாருங்கள். அந்த வியூவில் செக்‌ஷன் பாக்ஸ், ஃபேஸ் (கட்டுமானக் கட்டம்), மறைத்த வொர்க்செட் ஏதாவது இருந்தால் ரெண்டருக்கும் அவ்வளவுதான் போகும். பிறகு நேரடிப் புதுப்பிப்புப் பொத்தான். அப்புறம் செருகுநிரலும் ரெண்டர் மென்பொருளும் ஒரே வெளியீடா என்பது. ஒன்றை மட்டும் அப்டேட் செய்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

லைசென்ஸ் எடுக்கவில்லை என்றால் நெட்டைப் பார்த்துவிட்டு, மணியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பென்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றை மெஷின் ஏற்காது. சின்ன பேட்டரி ஒன்று, ஒரு கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

மெஷினே அணைந்துவிடுகிறது

மென்பொருள் மூடினால் ஒரு கதை. மெஷினே படக்கென்று அணைந்தால் வேறு கதை. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவு இருந்தால் விண்டோஸுக்கே சொல்லாமல் கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ்ஸைப் பாருங்கள். ஆபீஸ்களில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 4090 ஒன்றே 450 வாட் இழுக்கும். சிறிய கார்டு என்றாலும் ப்ராசஸர், இரண்டு மானிட்டர் எல்லாம் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். மின்சாரம் இருக்கும்வரை தெரியாது. சாயங்காலம் தெரு முழுக்க ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கும் நொடியில் யுபிஎஸ் பேட்டரிக்கு மாற முயன்று, சுமை தாங்காமல் கைவிட்டுவிடும். மெஷினின் மொத்த வாட்டைக் கணக்கிட்டு, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகத் தாங்கும் யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டியில் விஏவைப் பெரிதாகப் போடுவார்கள், நீங்கள் வாட்டைப் படியுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் செருகியும் அணைந்தால் காரணம் உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கு இரண்டு கேபிள் தேவை என்றால் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாதீர்கள். புதிய கார்டுகளின் ஒற்றைச் செருகியை முழுதாக உள்ளே போகும்வரை அழுத்துங்கள், அது பாதியில் நின்றால் உருகிய சம்பவங்கள் உண்டு.

சூடு தனிச் சங்கதி. கத்திரி வெயிலில் ஏசி அணைத்த ஆபீஸில் இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் போனால், அறை ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கார்டிலும் ஏறும். பல ஜீஃபோர்ஸ் கார்டுகள் 83 டிகிரி வாக்கில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறிகுறி இப்படி இருக்கும்: காலையில் வழுவழுவென்று ஓடியது, இருபது நிமிடத்துக்குப் பின் தடுமாறுகிறது. ஜிபியு-இசட்டோ எச்டபிள்யுஇன்ஃபோவோ திறந்து வைத்து வெப்பமும் கடிகார வேகமும் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் சூடுதான். கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்ததும் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. டிசைன் ஆபீஸ்களில் சிபியுவை மரமேஜைக்குள் கதவு போட்டு மூடி வைக்கும் அழகுணர்ச்சிக்கு ஒரு கும்பிடு. அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் ஆபீஸ் இருந்தால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ரேம், கார்டின் தங்கப் பற்களில் மங்கல் படிந்து, காரணமே இல்லாமல் வாரம் ஒருமுறை மெஷின் தொங்கும். மெஷினை அணைத்துக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள்.

சூடா, மின்சாரமா, கார்டே போய்விட்டதா என்று குழம்பினால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக இறக்கி ஒரு நாள் ஓட்டுங்கள். தகராறு நின்றால் சூடோ மின்சாரமோதான். புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை.

வாக்த்ரூ வீடியோவில் பேய் நிழல்

திரையில் நன்றாகத் தெரிந்த காட்சி வீடியோவில் இழுபடுகிறது என்றால், மென்பொருள் பழைய ஃப்ரேம்களைக் கலந்து படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளைக் குறைக்கிறது. வேகமாக நகரும் பொருளுக்குப் பின்னால் வால் முளைக்கும். நம் ஊர் ரெண்டரில் அது பெரும்பாலும் சீலிங் ஃபேன். இறுதி ஏற்றுமதியில் டிஎல்எஸ்எஸ் போன்ற பெரிதாக்கிகளை அணைத்து, சாம்பிள்களை ஏற்றுங்கள். ஃபேன் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 60 டிகிரி திரும்பும். மூன்று இறக்கை ஃபேன் ஆறு இறக்கையோடு துடிப்பதுபோல் தெரியும். 600 சுற்று வைத்தால் நின்றே போகும். 100 சுற்று வைத்தால் கண்ணுக்கு இயல்பு.

நேராக எம்பி4 ஆக எடுக்காமல் பிஎன்ஜி ஃப்ரேம்களாக எடுங்கள். முப்பது நொடி வீடியோவுக்கு 900 ஃப்ரேம். 700இல் கரண்ட் போனாலும் 701இல் இருந்து தொடரலாம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டியதுதான். 'ஓடவில்லை, உடனே உதவுங்கள்' என்று மட்டும் எழுதினால் பதிலுக்குக் கேள்விப் பட்டியல்தான் வரும். மென்பொருளின் முழு வெளியீட்டு எண், டிரைவர் எண், கார்டின் பெயரும் வீரேமும், லாக் ஃபைல், மாதிரிக் காட்சி ஓடியதா இல்லையா, பாதி பாதியாக மறைத்துப் பிடித்த அந்த ஒரு பொருள் மட்டும் உள்ள சிறிய ஃபைல், இவ்வளவையும் முதல் மடலிலேயே இணையுங்கள். ஃபைல் பெயரில் கிளையன்ட் பெயரோ மனை முகவரியோ இருந்தால் அனுப்பும் முன் மாற்றிவிடுங்கள்.